குதிரைத்திறனும் காற்றும்

ரப்பர்த் தோட்டங்களில் பாலை நிறுக்கும்போது வாளியின் எடையோடு கணக்கு முடிந்துவிடுவதில்லை. பாலில் கலந்துள்ள நீரின் அளவு மரத்துக்கு மரம், நாளுக்கு நாள் வேறுபடும். எனவே, மெட்ரோலாக் போன்ற கருவியால் பாலிலுள்ள ரப்பரின் அளவைக் கண்டறிந்து, உலர்ந்த ரப்பரின் எடையாக மாற்றிக் கணக்கிடுவர். மகிழுந்தின் குதிரைத்திறனை அளப்பதிலும் இத்தகைய திருத்தம் தேவைப்படுகிறது.

பட்டறையில் குதிரைத்திறனை அளக்க ‘டைனோ’ என்னும் கருவி பயன்படுகிறது. மகிழுந்தின் சக்கரங்கள் அதன் உருளைகளைச் சுழற்றும். முறுக்கு விசையையும் சுழலும் வேகத்தையும் கொண்டு திறன் கணக்கிடப்படுகிறது.

ஆனால், இயந்திரம் பெட்ரோலை எரிக்க ஆக்சிஜன் வேண்டும். வெப்பமான காற்று விரிந்து அடர்த்தி குறையும். ஈரக் காற்றில் நீராவி ஆக்சிஜனின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். உயரமான இடத்தில் காற்றழுத்தமும் குறையும். அதனால், கிரியான் ஆற்றோரம் தாழ்வான நிலத்தில் அமைந்த பண்டார் பாருவில் ஓடும் மகிழுந்து, 1,400 மீட்டருக்கு மேல் உயர்ந்த தானா ராத்தாவில் அதே திறனைக் காட்டாது. பண்டார் பாருவிலேயே காலை அளவும் நண்பகல் அளவும் மாறுபடலாம்.

இவ்வேறுபாட்டைச் சரிசெய்யவே திருத்தத் தரங்கள் வகுக்கப்பட்டன. அளந்த திறனை, குறிப்பிட்ட ஒரு வானிலையில் கிடைக்கக்கூடிய திறனாக அவை மாற்றுகின்றன. ‘எஸ்.ஏ.இ. ஜே1349’ தரம் 25 பாகை செல்சியஸ் வெப்பத்தையும் 99 கிலோபாஸ்கல் உலர்காற்று அழுத்தத்தையும் அடிப்படையாகக் கொள்கிறது. பட்டறைகளில் ‘எஸ்.டி.டி.’ எனப்படும் பழைய ‘ஜே607’ தரமோ 15.6 பாகையையும் 101.3 கிலோபாஸ்கலையும் கொள்கிறது. குளிர்ந்த, அடர்ந்த காற்றைக் கருதுவதால் இத்தரம் தரும் எண் ஏறக்குறைய 4 விழுக்காடு கூடுதலாக இருக்கும்.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். 32 பாகை வெப்பமுள்ள, ஈரப்பதம் மிகுந்த பிற்பகலில் டைனோ 100 குதிரைத்திறனைக் காட்டுகிறது. அதை எஸ்.ஏ.இ. தரத்தில் திருத்தினால் ஏறக்குறைய 103; எஸ்.டி.டி. தரத்தில் திருத்தினால் 106க்கும் மேல். ஓர் இளைஞர் தம் சேமிப்பைச் செலவழித்துப் புதிய புகைபோக்கிக் குழாயைப் பொருத்துகிறார் என்று வைத்துக்கொள்வோம். பொருத்தும் முன் எஸ்.ஏ.இ. தரத்திலும், பின் எஸ்.டி.டி. தரத்திலும் தாள் அச்சிடப்பட்டால், திறன் மூன்று கூடியதாக அவர் மகிழ்வார். உண்மையில் கூடியது தாளிலுள்ள எண் மட்டுமே.

திருத்தத்துக்கும் எல்லை உண்டு. டர்போ பொருத்திய இயந்திரங்கள் பல, காற்றழுத்தக் குறைவைத் தாமே ஓரளவு ஈடுசெய்துகொள்கின்றன. அவற்றுக்கு முழுத் திருத்தத்தையும் சேர்த்தால் எண் மிகைப்பட்டுவிடும். மேலும், டைனோ சக்கரத்தில் அளப்பதால், பல்லிணைப் பெட்டி முதலியவற்றின் உராய்வில் இழந்த திறன் அதில் சேராது. எனவே, விளம்பரத் தாளில் உள்ள இயந்திரத் திறனோடு அதை நேராக ஒப்பிடலாகாது.

ஆகவே, டைனோ தாளைக் கையில் வாங்குபவர் பெரிய எண்ணை மட்டும் பார்ப்பது போதாது. எந்தத் தரத்தில் திருத்தப்பட்டது, திருத்தும் முன் இருந்த அளவு என்ன, அன்றைய வெப்பமும் அழுத்தமும் எவ்வளவு ஆகியவற்றையும் கேட்டறிய வேண்டும். இரு முறையும் ஒரே கருவியில், ஒரே தரத்தில் அளந்தால்தான் ஒப்பீடு நேர்மையாகும்.