'ஐ'யா, 'மீ'யா?

ஆங்கிலப் பிரதிப்பெயர்களில் தடுமாறுகிறவர்களுக்குத் தமிழே கைகொடுக்கும்.

● ஆள்: 'நான்' வரும் இடத்தில் 'ஐ', 'என்னை', 'எனக்கு' என்றால் பெரும்பாலும் 'மீ'. 'ஷீ கால்டு ரவி அண்ட் ஐ' சரியா? ரவியை நீக்கிப் பார்த்தால் போதும். 'ஷீ கால்டு மீ' என்றுதானே வரும்? ஆகவே 'ரவி அண்ட் மீ'தான் சரி.

● உடைமை: 'என் பேனா' என்பது 'மை பென்', 'என்னுடையது' என்பது 'மைன்'. 'மைன்' வந்தால் பின்னால் பெயர்ச்சொல் வராது.

● தற்சுட்டு: 'மைசெல்ஃப் குமார்' என்ற அறிமுகம் பிழை, 'ஐ ஆம் குமார்' என்பதே முறை. கத்தியால் தன் கையையே வெட்டிக்கொண்டவர் 'ஐ கட் மைசெல்ஃப்' எனலாம். செய்தவரும் அவரே, பட்டவரும் அவரே.

● வினா: 'யார்' என்றால் 'ஹூ'. 'யாரை', 'யாருக்கு' என்றால் எழுத்தில் பெரும்பாலும் 'ஹூம்'. பேச்சில் அங்கும் 'ஹூ' புழங்குகிறது.

● 'நாம்', 'நாங்கள்' இரண்டுக்கும் 'வீ' ஒன்றே.