பாறையும் பாலைவனமும்

செங்குத்துப் பாறையில் ஏறுவதும் மணலில் கார் ஓட்டுவதும் தொடர்பற்றவை என நினைப்போம். இரண்டிலும் இறங்கியவர் பிரெஞ்சுப் பெண்மணி இசபெல் பத்திசியே. 1967-இல் பிறந்த இவர், பாறையேற்ற உலகக் கோப்பையை 1990-இல் அமெரிக்க வீராங்கனை லின் ஹில்லுடன் பகிர்ந்துகொண்டார். 1991-இல் மீண்டும் வென்றார். பின்னர் டக்கார் நெடுந்தூரப் பந்தயத்தில் காரோட்டியானார்.

பௌதிக மாணவி என்ற முறையில் நான் இதில் காணும் பொருத்தம் உராய்வு. ஏறுபவரின் பாதத்தைத் தாங்குவது காலணி ரப்பருக்கும் கல்லுக்கும் இடையிலுள்ள நிலை உராய்வு. கால் வழுக்கத் தொடங்கினால் அதனினும் குறைந்த இயக்க உராய்வே மிஞ்சும்; பிடி போய்விடும். மணலிலோ சக்கரம் வீணே சுழன்றால் குழி பறித்துப் புதையும். ஆகவே டயரின் காற்றைக் குறைக்கின்றனர். மணலைத் தொடும் பரப்பு பெருகுகிறது, அழுத்தம் குறைகிறது, வண்டி முன்னேறுகிறது. இரண்டிலும் முரட்டு பலம் மட்டும் உதவாது.

இரண்டாவது பொருத்தம் அறியாத வழி. முன்பு ஏறிப் பாராத தடத்தைப் போட்டியாளர் கீழே நின்று சில நிமிடங்கள் கண்ணால் படித்துப் பின் ஏற வேண்டும். டக்காரிலும் வழிக்குறிப்பேட்டை அருகிலிருப்பவர் படித்துச் சொல்ல, காணாத தரையில் ஓட்டுநர் நொடியில் முடிவெடுக்க வேண்டும்.

“பெண் பௌதிகம் படித்து என்ன செய்யப் போகிறாள்?” என்று எங்கள் தெருவில் கேட்கிறார்கள். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். விடை சொல்லித்தர வீட்டில் முன்னோடி இல்லை. ஆயினும் ஒன்று தெளிவு: கற்ற பாடம் ஒரு துறையோடு முடிவதில்லை. வழியைப் படித்து, நிதானமாய் அடியெடுத்து வைக்கும் பழக்கம் எத்துறைக்கும் உடன் வரும். தோழியரே, அதனை இங்கேயே பழகுவோம்!