பறிபோன கடற்கரை

கேள்வி: அமெரிக்காவில் ஒரு கறுப்பினக் குடும்பத்துக்கு ஏறக்குறைய நூறு ஆண்டு கழித்து நிலம் திரும்பக் கிடைத்ததாமே, உண்மையா?

பதில்: உண்மைதான். கலிஃபோர்னியாவின் மன்ஹாட்டன் பீச்சில் 1912இல் வில்லா புரூஸ் 1,225 டாலருக்குக் கடலோர மனை ஒன்றை வாங்கினார். கணவர் சார்லஸ் ரயில் உணவுப் பெட்டியில் சமையற்காரர். மற்ற கடற்கரைகளில் கறுப்பர்களைப் பெரும்பாலும் விடமாட்டார்கள். அதனால் வில்லா அங்கே நடத்திய விடுதிக்கு லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்தார்கள். சாப்பாடு, உடை மாற்ற அறை, நடனக் கூடம் எல்லாம் இருந்தன. வெள்ளையர் சிலருக்குப் பொறுக்கவில்லை. விடுதிக்கு எதிரே மணலில் 'அத்துமீறி நுழையாதே' என்று பலகை நட்டார்கள். கண்ணெதிரே இருக்கும் கடலில் கால் நனைக்க அரை மைல் சுற்ற வேண்டியிருந்தது! அப்படியும் வந்தார்களே, அந்த மனவுறுதியை நினைத்தால் நெஞ்சு நெகிழ்கிறது.

1924இல் பூங்கா அமைக்கப்போவதாகச் சொல்லி நகராட்சி நிலத்தைக் கையகப்படுத்தத் தொடங்கியது. இழப்பீடு 14,500 டாலர். விடுதியை இடித்தார்கள், பூங்காவோ பல பத்தாண்டுகளுக்கு வரவே இல்லை. பூங்கா வெறும் சாக்கு என்பதற்கு வேறு சாட்சி எதற்கு?

பின்னாளில் மாவட்ட நிர்வாகத்தின் கைக்குப் போயிருந்த நிலம் 2022இல் புரூஸ் குடும்ப வாரிசுகளுக்கு வந்தது. மறு ஆண்டே ஏறத்தாழ 2 கோடி டாலருக்கு அதை மாவட்ட நிர்வாகத்துக்கே விற்றார்கள். அன்று பக்கத்தில் மனை இழந்த மற்ற கறுப்பினக் குடும்பங்களுக்கு நிலம் திரும்பவில்லை.