குறிப்பை அழித்தால் லேப்டாப் வேகமாகாது

“நோட்ஸ் நிறைய சேர்ந்துபோச்சு சார், அதான் ஸ்லோ. பழசையெல்லாம் டெலிட் பண்ணிட்டா பறக்கும்.”

இதைச் செங்கல்பட்டிலும் கேட்கிறேன், திருக்கழுக்குன்றத்திலும் கேட்கிறேன், மாமல்லபுரத்திலும் கேட்கிறேன். குரூப் 4 தேர்வுக்குப் படிப்பவர் சொல்கிறார். வேடந்தாங்கலில் பருவந்தோறும் பறவைக் கணக்கு குறித்துவைப்பவர் சொல்கிறார். சிலை அளவுகளை லேப்டாப்பில் சேர்த்துவைக்கும் சிற்பக்கலை மாணவரும் சொல்கிறார். யார் சொன்னது என்று கேட்டால் “கடையில சொன்னாங்க” அல்லது “யூடியூப்ல பார்த்தேன்.” கணினி பழுதுபார்ப்பது என் தொழில். இந்த வதந்தியை நம்பியவர்கள் கடைசியில் என் மேசைக்குத்தான் வருகிறார்கள், குறிப்பையும் இழந்து வேகமும் கிடைக்காமல். ஆகவே இந்த முறை நயமாகப் பேசுவதாக இல்லை.

முதலில் கணக்கைப் பார்ப்போம். யூனிகோடில் ஒரு தமிழ்க் குறியீட்டுக்குப் பொதுவாக 3 பைட் ஆகும். ‘கை’ என்று தட்டினால் ககரத்துக்கு 3, ஐகாரக் குறிக்கு 3, மொத்தம் 6 பைட். இந்தக் கணக்கில் நெருக்கமாகத் தட்டிய ஒரு பக்கம் ஏறக்குறைய 7 கிலோபைட் வரும். 1330 குறளையும் தட்டிவைத்தாலும் அரை மெகாபைட்டைத் தாண்டாது. உங்கள் செல்போன் கேமரா எடுக்கும் ஒரே ஒரு படம் 3, 4 மெகாபைட் இருக்கும். வாட்ஸாப்பில் வந்த காலை வணக்கப் படங்களை அப்படியே வைத்துக்கொண்டு, மூன்று வருடம் படித்துச் சேர்த்த குறிப்புகளை அழிக்கிறீர்கள். பத்தாயிரம் பக்கம் எழுதியிருந்தாலும் 70 மெகாபைட்தான். ஒரு திரைப்படத்தின் பத்தில் ஒரு பங்குகூட வராது.

அழித்தால் இடமாவது மிச்சமாகுமா? அதுவும் பெரும்பாலும் இல்லை. ஜாப்ளின் போன்ற செயலிகளும் செல்போனில் உள்ள பல குறிப்புச் செயலிகளும் எல்லாக் குறிப்புகளின் உரையையும் எஸ்க்யூலைட் என்னும் ஒரே தரவுத்தளக் கோப்பில் வைக்கின்றன. அதில் ஒரு குறிப்பை நீக்கினால் அது இருந்த இடம் ‘காலி’ என்று குறிக்கப்படும், அவ்வளவுதான். சுருக்கும் கட்டளை தனியாக ஓடாதவரை கோப்பு பழைய அளவிலேயே நிற்கும். நூறு குறிப்பை அழித்துவிட்டு அளவைப் பாருங்கள், பெரும்பாலும் ஒரு பைட்கூடக் குறைந்திருக்காது.

அப்படியானால் எது மெதுவாக்குகிறது? பெரும்பாலும் ஹார்டு டிஸ்க். 2011இல் தமிழக அரசு தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டம் லட்சக்கணக்கான வீடுகளுக்கு முதல் கணினியைத் தந்தது. நல்ல காரியம்தான். ஆனால் அந்தக் கால லேப்டாப்புகளில் இருப்பது சுழலும் தட்டு. நிமிடத்துக்கு 5400 சுற்று என்றால் ஒரு சுற்றுக்கு 11 மில்லிநொடி. தேவையான இடம் ஊசிக்கு அடியில் வரும்வரை காத்திருக்க வேண்டும், ஊசித் தண்டும் நகர வேண்டும். இதனால் சிதறிக் கிடக்கும் சிறு துணுக்குகளைப் படிக்கும்போது, நொடிக்கு நூறு இடங்களைத் தொடுவதே அதற்குப் பெரும்பாடு. சுழலும் பாகமே இல்லாத எஸ்எஸ்டி ஆயிரக்கணக்கில் தொடும். ஆப்சிடியன் என்னும் குறிப்புச் செயலி ஒவ்வொரு குறிப்பையும் தனிக் கோப்பாக வைக்கிறது. ஐயாயிரம் குறிப்பு கொண்ட அதே ஃபோல்டர் பழைய டிஸ்க்கில் முனகிக்கொண்டு திறக்கும், எஸ்எஸ்டியில் கண்ணிமைக்கும் நேரத்தில் திறக்கும். குறிப்புகள் மாறவில்லை, டிஸ்க்தான் மாறியது. இதற்கு மேல் சாட்சி வேண்டுமா?

அடுத்த குற்றவாளி ராம். நோஷன், எவர்நோட், ஆப்சிடியன், ஜாப்ளின் எல்லாம் கணினியில் எலெக்ட்ரான் என்னும் கட்டமைப்பில் ஓடுகின்றன. அதாவது ஒவ்வொன்றும் தன் வயிற்றுக்குள் ஏறக்குறைய ஒரு முழு குரோம் உலாவியைச் சுமக்கிறது. நாலு வரி எழுதத் திறந்தாலும் சில நூறு மெகாபைட் ராமைப் பிடித்துக்கொள்ளும். 4 ஜிபி ராம் உள்ள கணினியில் விண்டோஸே பாதியை எடுத்துக்கொள்கிறது. மீதியில் குரோம், வாட்ஸாப், ஆன்டிவைரஸ், அதற்கு மேல் குறிப்புச் செயலி. ராம் நிரம்பியதும் விண்டோஸ் மிச்சத்தை டிஸ்க்கில் இறக்கி ஏற்றத் தொடங்கும், அதே 5400 சுற்று டிஸ்க்கில். அப்போது ஒரு எழுத்தைத் தட்டிவிட்டு அது திரையில் வரக் காத்திருக்கிறீர்கள்.

கடலோரக்காரர்களுக்கு மூன்றாவதாக ஒன்று உண்டு. சோடியம் குளோரைடு, காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 75 சதவீதத்தைத் தாண்டினால் நீரை உறிஞ்சித் தானே கரைசலாகிவிடும். கோவளம் முதல் சதுரங்கப்பட்டினம் வரை அதிகாலையில் அந்த அளவு ஈரம் சர்வசாதாரணம். விசிறி உள்ளே இழுத்த உப்புத்தூள் இரவில் நனைந்து, பகலில் காய்ந்து, தூசியோடு சேர்ந்து வெப்பம் வெளியேறும் வழியை அடைத்துவிடுகிறது. சூடேறிய பிராசஸர் தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலின் கல்லையே உப்பு அரிக்கிறது என்று தொல்லியல் துறை காகிதக் கூழை அப்பி உப்பை உறிஞ்சி எடுக்கிறது. உங்கள் லேப்டாப்பின் செம்புத் தடங்கள் கல்லைவிட உறுதியா என்ன? வருடத்துக்கு ஒருமுறை திறந்து சுத்தம் செய்யக் கொடுங்கள்.

இப்போது எனக்கு உண்மையில் கோபம் வரும் இடம். பழைய டிஸ்க் கெட்டுப்போகத் தொடங்கும்போது முதலில் தெரியும் அறிகுறி பல நேரம் மெதுவாவதுதான். படிக்க முடியாத ஓர் இடத்தை டிஸ்க் திரும்பத் திரும்பப் படித்துப் பார்க்கும். நமக்குத் திரை உறைந்தாற்போல் இருக்கும். அந்த நேரத்தில்தான் நம்மவர்கள் ‘அழி’ என்கிறார்கள். அழிப்பதும் டிஸ்க்கில் எழுதுகிற வேலைதான் என்பது அவர்களுக்குத் தெரிவதில்லை. சாகப்போகும் டிஸ்க்குக்கு மேலும் வேலை கொடுத்து, காப்பாற்ற வேண்டியதைக் கையாலேயே நீக்குகிறார்கள். மெதுவாகிவிட்டதா? முதலில் நகலெடுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

நகலெடுத்தபின் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறங்கள். டிஸ்க் பத்தி 100 சதவீதத்திலேயே நின்றால் வில்லன் டிஸ்க். மெமரி 90ஐத் தாண்டி நின்றால் ராம். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவசச் செயலி டிஸ்க்கின் உடல்நிலையைச் சொல்லும். நிறம் மஞ்சளானால் அன்றே மாற்றுங்கள். பழைய இலவச லேப்டாப் பலவற்றிலும் சாதாரண 2.5 அங்குல எஸ்எஸ்டி பொருந்தும்.

ஒரு விலக்கைச் சொல்லியாக வேண்டும். ஒரே குறிப்பில் இருநூறு புத்தகப் பக்கப் படங்களையும் ஸ்கேன் செய்த பிடிஎஃப்களையும் ஒட்டினால் எந்தச் செயலியும் திணறும். அதற்கு மருந்து பாடவாரியாகப் பிரிப்பது, படங்களைத் தனி ஃபோல்டருக்கு மாற்றுவது. அழிப்பது அல்ல.

மற்ற நம்பிக்கைகளைச் சுருக்கமாக முடித்துவிடலாம்.

நம்பிக்கை: ஐ7 பிராசஸர் வாங்கினால் எல்லாம் சரியாகும்.

உண்மை: எழுத்துத் தட்ட ஐ7 வேண்டியதில்லை. சுழலும் டிஸ்க்கும் 4 ஜிபி ராமும் உள்ள ஐ7, எஸ்எஸ்டியும் 8 ஜிபியும் உள்ள ஐ3க்குப் பின்னால்தான் வரும். மாணவர்களுக்கான லேப்டாப்புக்குத் தமிழக அரசின் எல்காட் நிறுவனம் 2025இல் விட்ட டெண்டரிலேயே 8 ஜிபி ராமும் 256 ஜிபி எஸ்எஸ்டியும் கேட்டது. பிராசஸர் பெயரை மட்டும் பார்த்து வாங்காதீர்கள்.

நம்பிக்கை: போனிலும் லேப்டாப்பிலும் தெரிகிறது, ஆகவே பேக்கப் இருக்கிறது.

உண்மை: அது சிங்க், பேக்கப் அல்ல. போனில் குழந்தை தெரியாமல் அழித்தால் லேப்டாப்பிலும் அழியும். கூகுள் கீப்பின் குப்பைத்தொட்டியில் 7 நாள்தான் இருக்கும். தவறு உடனே பரவாத, தனியே நிற்கும் நகலுக்குத்தான் பேக்கப் என்று பெயர்.

நம்பிக்கை: கிளவுடில் போட்டால் நிரந்தரம்.

உண்மை: கிளவுட் என்பது வேறு யாரோ வைத்திருக்கும் கணினி. 2 வருடம் பயன்படுத்தாத கணக்குகளை நீக்கும் விதியை கூகுள் 2023 டிசம்பர் முதல் நடைமுறைப்படுத்தியது. எவர்நோட் அதே டிசம்பரில் இலவசக் கணக்குக்கு 50 குறிப்பு என்று வரம்பு வைத்தது. 2025 செப்டம்பர் 26 அன்று தென்கொரியாவின் டேஜோன் நகர அரசுத் தரவு மையம் தீப்பிடித்தது. அரசு ஊழியர்கள் கோப்பு சேமித்த ஜி-டிரைவில் 858 டெராபைட் போயிற்று. அளவு பெரிது என்று அதற்கு வெளி நகல் வைக்கவில்லை.

நம்பிக்கை: எஸ்எஸ்டி கெடாது.

உண்மை: கெடும், அதுவும் பல நேரம் முன்னறிவிப்பே இல்லாமல். சுழலும் டிஸ்க்கில் தவறுதலாக அழித்ததை மீட்க ஓரளவு வழி உண்டு. எஸ்எஸ்டியில் ட்ரிம் என்னும் ஏற்பாடு அழித்த இடத்தைச் சீக்கிரமே துடைத்துவிடுவதால், மீட்பு மென்பொருளுக்கும் கையில் ஒன்றும் சிக்காது. வேகத்துக்கு எஸ்எஸ்டி, நிம்மதிக்கு நகல்.

நம்பிக்கை: நனைந்த போனையும் பென் டிரைவையும் அரிசியில் போட வேண்டும்.

உண்மை: அரிசியைச் சோறாக்குங்கள். அரிசித்தூள் உள்ளே போய் கெடுக்கும் என்று ஆப்பிள் நிறுவனமே எச்சரித்திருக்கிறது. கடல்நீரில் விழுந்தது என்றால் பிரச்சினை ஈரம் மட்டுமல்ல, உப்பும்தான். அணைத்துவிட்டு உடனே சர்வீஸுக்குக் கொண்டுபோங்கள். காய்ந்துவிட்டது என்று ஆன் செய்து பார்க்காதீர்கள்.

நம்பிக்கை: பீரோவில் ஒரு ஹார்டு டிஸ்க் வைத்திருக்கிறேன், போதும்.

உண்மை: 2015 டிசம்பரில் முடிச்சூர் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தபோது, கணினிக்கு ஒரு நீதி பீரோவுக்கு ஒரு நீதி என்று தண்ணீர் பார்க்கவில்லை. 2022 டிசம்பர் 9 இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரத்தை ஒட்டித்தான் கரையைக் கடந்தது. புகைப்படக்காரர் பீட்டர் க்ரோக் பிரபலப்படுத்திய 3-2-1 விதி எளிது: மூன்று நகல், இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு இடத்தில். மீனவர் குப்பத்தில் இருப்பவர் ஒரு டிஸ்க்கை மதுராந்தகத்து அக்கா வீட்டில் வைக்கட்டும். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் போகும்போது புதுப்பித்துக்கொள்ளலாம்.

நகல் எடுத்தால் மட்டும் போதாது, திறக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் தவறான தரவுத்தளத்தை அழித்துவிட்டார். ஐந்து பேக்கப் ஏற்பாடுகள் இருப்பதாக நம்பியிருந்தார்கள், ஆபத்துக்கு ஒன்றும் ஒழுங்காகக் கைகொடுக்கவில்லை. தற்செயலாக எடுத்துவைத்த ஒரு நகல்தான் காப்பாற்றியது, அப்போதும் ஆறு மணி நேரத் தரவு போயிற்று. மென்பொருளையே தொழிலாகக் கொண்டவர்களின் கதி இது. மாதம் ஒருமுறை நகலிலிருந்து ஒரு குறிப்பைத் திறந்து படித்துப் பாருங்கள்.

திறந்தாலும் படிக்க முடியுமா என்று இன்னொரு கேள்வி இருக்கிறது. இதைப் பேச இடம் கிடைத்தால் நான் விடுவதில்லை. தமிழ் யூனிகோடில் 1991 முதல் இருக்கிறது. 2010 ஜூனில் கோவைச் செம்மொழி மாநாட்டை ஒட்டித் தமிழக அரசே அதைத் தரமாக அறிவித்தது. இத்தனைக்குப் பிறகும் பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டிக்கொண்டிருக்கிறார்கள். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அது தாறுமாறான குறிகளாகத் தெரியும். எந்தக் குறிப்புச் செயலியிலும் தமிழில் தேடினால் கிடைக்காது. மூன்று நகல் எடுத்து மூன்றையும் படிக்க முடியாமல் வைத்திருப்பதற்குப் பேக்கப் என்று பெயரா?

யூனிகோடில் தட்டத் தமிழ்99 விசைப்பலகை 1999 முதல் இருக்கிறது. ஒரு வாரம் உட்கார்ந்தால் கைக்குப் பழகிவிடும். குறிப்புகளை முடிந்தவரை வெறும் உரைக் கோப்பாக, யூனிகோடில் வையுங்கள். செயலி மூடப்பட்டாலும், நிறுவனம் கைமாறினாலும், நோட்பேடு உள்ள எந்தக் கணினியிலும் அது திறக்கும், 2 ஜிபி ராம் உள்ள பழைய இலவச லேப்டாப்பிலும். பழைய எழுத்துருக் கோப்புகளை என்எச்எம் கன்வர்ட்டர் போன்ற இலவச மாற்றிகள் யூனிகோடுக்குக் கொண்டுவரும். ஆனால் எந்த எழுத்துருவில் தட்டியது என்று தெரிந்தால்தான் மாற்றி வேலை செய்யும். அதைத் தட்டிய அப்பாவோ சித்தியோ பக்கத்தில் இருக்கும்போதே கேட்டு, இந்த ஞாயிற்றுக்கிழமையே மாற்றிவிடுங்கள்.