கொல்லைப்புற மேடை: கல்லா, செங்கல்லா, மரமா?

வீட்டின் பின்புறத்தில் காற்றாட உட்கார ஒரு மேடை இருந்தால் எவ்வளவு வசதி! அமெரிக்கா போன்ற நாடுகளில் இத்தகைய மேடைகளைப் பெரும்பாலும் மரப்பலகைகளால் அமைக்கிறார்கள். அங்கே பைன் மரம் தாராளமாகக் கிடைக்கிறது. நம் மதுரைச் சமவெளியிலோ கருங்கல்லும் செங்கல்லும்தான் அருகில் கிடைப்பவை. மேலூர் வட்டாரம் கருங்கல்லுக்குப் பெயர் பெற்றது. செங்கல்லோ இப்பகுதிக்கு மிகப் பழையது. மதுரைக்குத் தென்கிழக்கே உள்ள கீழடியில் 2015 முதல் நடந்த அகழாய்வுகளில் பண்டைய செங்கற் கட்டுமானங்கள் வெளிப்பட்டன.

கல், செங்கல், மரம் ஆகிய மூன்றில் எதைத் தேர்ந்தெடுப்பது? விலையை மட்டும் விசாரித்தால் போதாது. அந்த மேடையில் வெறுங்காலுடன் நடமாடப் போகிறவர்கள் தாத்தா பாட்டியும் சிறு குழந்தைகளும் அல்லவா? ஆகவே முதலில் பாதத்தைக் கேட்போம்.

பாதம் சொல்லும் தீர்ப்பு

சித்திரை வெயிலில் கல்லை மிதித்தால் துள்ளிக் குதிக்கிறோம். பலகையை மிதித்தால் அவ்வளவு சுடுவதில்லை. கல்லின் வெப்பநிலை அதிகம் என்பதா காரணம்? இல்லை. இரண்டும் ஒரே வெப்பநிலையில் இருந்தாலும் நம் அனுபவம் இதுதான். பொருள் எவ்வளவு விரைவாக வெப்பத்தைப் பாதத்துக்குள் தள்ளுகிறது என்பதே முக்கியம். பொருளின் வெப்பங்கடத்தும் திறன், அடர்த்தி, தன்வெப்பம் ஆகிய மூன்றையும் பெருக்கி வர்க்கமூலம் கண்டால், இந்த வேகத்தைக் குறிக்கும் எண் கிடைக்கும். பாதத்தின் எண்ணை 1 எனக் கொண்டால், கருங்கல்லுக்குச் சுமார் 2, செங்கல்லுக்குச் சுமார் 1, தேக்குக்குச் சுமார் மூன்றில் ஒரு பங்கு.

இனி ஒரு கணக்கு. மேடை 55 டிகிரி சென்டிகிரேடு, பாதம் 34 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் தொட்டவுடன் தொடும் இடத்தில் ஓர் இடைப்பட்ட வெப்பநிலை ஏற்படும். எந்தப் பொருளின் எண் பெரியதோ அதன் பக்கம் அது சாயும்.

கருங்கல்: (2 × 55 + 34) ÷ 3 = 48 டிகிரி
செங்கல்: (55 + 34) ÷ 2 = 44.5 டிகிரி
தேக்கு: (55 + 3 × 34) ÷ 4 = சுமார் 39 டிகிரி

தோலின் வெப்பநிலை சுமார் 44 டிகிரியைத் தாண்டினால் வலி தொடங்கும். எனவே கருங்கல் சுடும். செங்கல் எல்லையில் நிற்கும். தேக்கு தாங்கக்கூடியதாக இருக்கும். வெயிலில் பலகையின் மேற்பரப்பு மட்டும் 65 டிகிரிக்கு ஏறினாலும், பாதம் உணர்வது சுமார் 42 டிகிரிதான்.

தமிழகக் கோயில்கள் பலவற்றில் கோடையில் கல் தரைமீது தேங்காய் நார்ப் பாய் விரிப்பதைப் பார்த்திருப்பீர்கள். நாரும் அதனிடையே சிக்கிய காற்றும் வெப்பத்தை மெதுவாகவே விடுகின்றன. சில இடங்களில் நடைபாதைக்கு வெள்ளை வண்ணம் பூசுகிறார்கள். வெள்ளை நிறம் வெயிலின் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடுவதால் கல் சூடேறுவதே குறைகிறது.

மழையும் கறையானும்

அப்படியானால் தேக்கையே போட்டுவிடலாமா? பொறுங்கள்! ஐப்பசி, கார்த்திகை மழையில் மரம் நீரை உறிஞ்சி அகலவாட்டில் உப்பும், கோடையில் சுருங்கும். இடைவெளி விடாமல் பலகைகளை இறுக்கிப் பொருத்தினால் அவை வளைந்து தூக்கிக்கொள்ளும். தேக்கின் வைரப் பகுதியில் உள்ள இயற்கை வேதிப்பொருள்கள் கறையானை எதிர்க்கும். மலிவான மரங்களில் பலவற்றுக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. மண்ணைத் தொட்டபடி கிடந்தால் அவை விரைவில் அரிக்கப்படும்.

செங்கல்லும் நீரை உறிஞ்சும். நன்றாக வெந்த செங்கல் 24 மணி நேரம் ஊறினாலும் தன் எடையில் 20 சதவீதத்துக்கு மேல் நீரை ஏற்கக்கூடாது என்பது பொது விதி. ஆனால் இந்தக் குணமே மாலையில் நமக்கு உதவுகிறது. நீர் தெளித்தால் செங்கல் அதைப் பிடித்துவைத்து மெல்ல ஆவியாக்கும். ஒரு கிராம் நீர் ஆவியாகச் சுமார் 580 கலோரி வெப்பம் வேண்டும். அதில் பெரும்பகுதி மேடையிலிருந்தே போகிறது. கருங்கல்லில் நீர் உள்ளே இறங்காமல் வழிந்தோடிவிடும். தடித்த கல் பகலில் சேர்த்த வெப்பத்தை இரவிலும் வெளிவிட்டுக்கொண்டிருக்கும்.

எதை எங்கே வைப்பது?

ஒரே பொருள் எல்லா வேலைக்கும் பொருந்தாது. துணி துவைக்கும் இடத்துக்கும் படிக்கும் மேடையின் ஓரத்துக்கும் தேயாத கருங்கல் ஏற்றது. நடக்கும் தளத்துக்கு நன்றாக வெந்த செங்கல்லோ தட்டோடோ போதும். நீர் வடிய மீட்டருக்கு ஒன்றரை சென்டிமீட்டர் சரிவு தரவேண்டும். உட்காரும் பலகை மட்டும் மரமாக, கல் கால்களின்மேல், அடியில் காற்று புகும்படி இருக்கட்டும்.

திருமங்கலம் பக்கத்துக் கரிசல் மண்ணில் கட்டுவோர் இன்னும் ஒன்றைக் கவனிக்கவேண்டும். அந்த மண் நனைந்தால் உப்பும், காய்ந்தால் வெடிக்கும். மேல் மண்ணை எடுத்துவிட்டுச் சரளையும் மணலும் நிரப்பி இடிக்காவிட்டால், எந்தப் பொருளால் கட்டினாலும் மேடை விரிசல் விடும்.

செய்து பாருங்கள்

1. நிழலில் வெகு நேரம் இருந்த ஒரு கல்மீதும் ஒரு பலகைமீதும் ஒரே அளவுள்ள பனிக்கட்டித் துண்டுகளை வையுங்கள். எது முதலில் உருகுகிறது? ஏன்?

2. உலர்ந்த செங்கல்லை எடைபோட்டு, ஒரு நாள் நீரில் ஊறவைத்து மீண்டும் எடைபோடுங்கள். எத்தனை சதவீதம் கூடியது? உங்கள் ஊர்ச் சூளைச் செங்கல் தேறுகிறதா என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.