மணி ஒலித்த பின்னும் ஒரு பள்ளி

நுழையும்முன்

வகுப்பறை அறிவைத் தருகிறது. அவ்வறிவைப் பிறரோடு சேர்ந்து பயன்படுத்தும் பழக்கத்தை எங்குப் பெறுவது? பள்ளி நேரத்திற்குப் பின் கூடும் இளையோர் அமைப்புகள் இத்தேவையை ஒட்டியே வளர்ந்தன. அவை பண்பை உருவாக்கும் முறையையும் அதன் எல்லையையும் இப்பாடம் ஆராய்கிறது.

தீவில் ஒரு முகாம்

1907ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், இங்கிலாந்தின் பிரவுன்சி தீவில் பேடன் பவல் ஏறத்தாழ 20 சிறுவர்களைக் கொண்டு முகாம் ஒன்றை நடத்தினார். செல்வர் வீட்டுப் பிள்ளைகளும் உழைப்பாளர் வீட்டுப் பிள்ளைகளும் அதில் ஒன்றாகத் தங்கினர். அவர்களை நான்கு அணிகளாகப் பிரித்து, அணிதோறும் சிறுவருள் ஒருவரையே தலைவராக்கினார். சாரணர் இயக்கம் இங்கிருந்தே வளர்ந்தது.

அணிமுறையே அவ்வியக்கத்தின் உயிர்நாடி. கூடாரம் அமைத்தல், விறகு சேர்த்தல், சமைத்தல் ஆகிய பணிகளை அணியினர் தமக்குள் பகிர்ந்துகொள்கின்றனர். தேர்வுக்குப் படிக்காதவர் தம் மதிப்பெண்ணை மட்டுமே இழக்கிறார். முகாமில் விறகு சேர்க்க மறந்தவரால் அணி முழுவதும் பசித்திருக்க நேரிடுகிறது. பொறுப்பு என்னும் சொல்லின் பொருள் அங்கு அகராதியின்றியே விளங்கிவிடும்.

மூடியிருந்த கதவு

இந்தியாவில் 1909இல் தொடங்கிய சாரணர் இயக்கத்தில் இந்தியச் சிறுவர்களுக்கு முதலில் இடம் மறுக்கப்பட்டது. அந்நிலையில் அன்னி பெசண்ட் அம்மையார், சென்னையை மையமாகக் கொண்டு இந்தியச் சிறுவர்களுக்கெனத் தனிச் சாரணர் சங்கத்தை நிறுவினார். வடக்கே மதன் மோகன் மாளவியா, ஹிருதயநாத் குன்ஸ்ரு முதலியோர் சேவா சமிதி சாரணர் சங்கத்தை வளர்த்தனர். விடுதலைக்குப் பின், 1950 நவம்பர் 7 அன்று சாரணர் அமைப்புகள் ஒன்றிணைந்தன. அடுத்த ஆண்டு சாரணியர் அமைப்பும் அவற்றுடன் சேர்ந்தது.

குடிமைப் பண்பைக் கற்பிக்க வந்த அமைப்பே சிலரை வாயிலில் நிறுத்தியது என்பது சிந்திக்கத்தக்கது. இன்று சட்டம் எவரையும் தடுக்கவில்லை. எனினும், கடைசிப் பேருந்தைத் தவறவிட முடியாத மாணவியும், மாலையில் பெற்றோரின் கடையில் உழைக்கும் மாணவரும் பல நேரங்களில் வெளியிலேயே நிற்கின்றனர். அவர்களுக்கு ஏற்ற நேரத்தைத் தேடிக் கூடும் அமைப்பே, சமத்துவத்தைச் சொல்லால் அன்றிச் செயலால் கற்பிக்கிறது.

தொண்டும் குடிமையும்

காந்தியடிகளின் நூற்றாண்டையொட்டி, 1969 செப்டம்பர் 24 அன்று நாட்டு நலப்பணித் திட்டம் 37 பல்கலைக்கழகங்களில் ஏறத்தாழ 40,000 மாணவர்களுடன் தொடங்கப்பட்டது. பின்னர் அது மேல்நிலைப் பள்ளிகளுக்கும் விரிந்தது. தொண்டர் ஒருவர் ஆண்டுக்கு 120 மணி நேரம் பணியாற்றுவதோடு, ஏழு நாள் சிறப்பு முகாமிலும் பங்கேற்கிறார்.

முகாம் நடைபெறும் சிற்றூரின் குளக்கரையை மாணவர்கள் தூய்மை செய்வதாகக் கொள்வோம். அது தொண்டு. ஒரு திங்களில் அங்கே மீண்டும் குப்பை சேர்கிறது. ‘ஏன் சேர்கிறது? குப்பைத் தொட்டி எங்கே உள்ளது? அள்ளிச் செல்வது யார் பொறுப்பு?’ என வினவி, ஊர் மக்களுடன் பேசி, ஊராட்சிக்கு விண்ணப்பம் எழுதும்போது அத்தொண்டு குடிமைச் செயலாகிறது. தொண்டு கையைப் பழக்குகிறது. குடிமை, கையோடு சிந்தனையையும் பழக்குகிறது.

சான்றிதழும் சான்றாண்மையும்

அமைப்பில் பெயரைப் பதிவு செய்வதால் மட்டும் பண்பு வந்துவிடாது. வருகைப் பதிவுக்காக நிற்பவரும், நிழற்படத்திற்காகத் துடைப்பம் ஏந்துபவரும் சான்றிதழோடு திரும்பலாம், மாற்றத்தோடு திரும்புவதில்லை. ஆசிரியரே அனைத்தையும் திட்டமிட்டு, மாணவர் ஏவியதைச் செய்யும் இடத்தில் வளர்வது கீழ்ப்படிதல் மட்டுமே. முடிவெடுக்கவும், தவறவும், தவற்றைத் தாமே திருத்தவும் வாய்ப்பளிக்கும் இடத்தில்தான் தலைமைப் பண்பு வளரும்.

இந்தியாவில் வாக்களிக்கும் வயது 1989இல் 21இலிருந்து 18ஆகக் குறைக்கப்பட்டது. அவ்வயதை எட்டுவோர் கிராம சபையிலும் உறுப்பினராகின்றனர். பதினோராம் வகுப்பு மாணவருக்கு அந்நாள் தொலைவில் இல்லை. மாறுபட்ட கருத்தைப் பொறுமையுடன் கேட்கவும், ஏற்ற பணியை முடிக்கவும் ஒரே நாளில் பழகிவிட முடியாது. மணி ஒலித்த பின்னும் பள்ளி வளாகத்தில் கூடும் சிறு குழுவே அதற்குரிய முதல் பயிற்சிக் களம்.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் பள்ளியில் செயல்படும் ஓர் அமைப்பில் சேர விரும்பியும் இயலாத மாணவர்களிடம் காரணம் கேட்டறிந்து, தீர்வுகளைக் குழுவாகக் கலந்துரையாடுக.
2. உங்கள் ஊரின் பொதுக் குறை ஒன்றைத் தேர்ந்து, ஊராட்சித் தலைவருக்கு விண்ணப்பம் எழுதுக.