ஒளியால் கழிவைச் சிதைக்கும் இரட்டைப் பூச்சு

ஹைதராபாத்தை அடுத்த பட்டான்செருவில் மருந்தாலைக் கழிவுநீர், பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தைக் கடந்த பின்னரும் லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை சிப்ரோஃபிளாக்சசின் என்னும் கிருமிக்கொல்லியைச் சுமந்திருந்ததென 2007-இல் வெளியான ஆய்வு காட்டிற்று. நுண்ணுயிர்களைக் கொல்லும் மருந்தை நுண்ணுயிர்களைக் கொண்டே சிதைப்பது எளிதன்று. ஆகவே ஒளி வினையூக்கிகள் நாடப்படுகின்றன.

டைட்டேனியம் டை ஆக்ஸைடுப் பூச்சின்மீது புற ஊதாக் கதிர் படுங்கால் எலக்ட்ரான் ஒன்று விடுபட, அவ்விடத்தில் நேர்மின் துளை உண்டாகிறது. இத்துளை மேற்பரப்பை அடையுமாயின் நீரிலுள்ள மருந்து சிதையும். ஆனால் பெரும்பாலான துளைகள் அதற்கு முன்பே எலக்ட்ரான்களுடன் மீண்டும் கூடி வீணாகின்றன. பூச்சின் அடியில் டங்ஸ்டன் ஆக்ஸைடுப் படலம் அமைந்தால் எலக்ட்ரான்கள் அதனுள் இறங்கிவிடும். துளைகள் மேலேயே தங்கி நீரைச் சந்திக்கும். மேற்படலம் தடித்தலாகாது, தடித்தால் துளைகள் வழியிலேயே மறையும். சூரிய ஒளியில் புற ஊதாப் பகுதி சுமார் 5 சதவீதமே. கலங்கிய நீர் அதனையும் மறைத்துவிடுமாதலால், முன்னரே வடிகட்டித் தெளிந்த நீருக்கே இம்முறை ஏற்றது.